எம்கேட் பரீட்சையை மீண்டும் எழுதுவதா? கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

மருத்துவபீடங்களில் சேர்வதற்காக எழுதும் எம்கேட் (MCAT) பரீட்சையில் பிள்ளையின் புள்ளி எதிர்பார்த்த அளவுக்கு வராதபோது, புதிதாக வந்த நம் குடும்பங்களில் உடனே எழும் பேச்சு "இன்னொரு முறை எழுதட்டும்" என்பதுதான். அந்தப் பேச்சு எந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். முதல் முறை குறைந்துபோனது அடுத்த முறையைக் கெடுப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ நீட் தேர்வு பழக்கம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் புதுக்கணக்கு, சென்ற ஆண்டின் மதிப்பெண்ணை எவரும் கேட்பதில்லை. எம்கேட்டில் கணக்கு அப்படித் தீர்வதில்லை. மாணவர் எழுதிய ஒவ்வொரு முறையின் புள்ளியும் ஒரே அறிக்கையில் மருத்துவபீடத்துக்குச் செல்லும். நல்லதை மட்டும் காட்டி மற்றதை மறைக்க வழியில்லை. ஒரே ஆண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என்ற வரம்பும் உண்டு. பதிவுசெய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அதுவும் ஒரு முறையாகவே எண்ணப்படும்.

புள்ளியைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். கனடாவின் பெரும்பாலான மருத்துவபீடங்கள் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களையே சேர்க்கின்றன. அந்த உரிமை விண்ணப்ப முடிவு நாளுக்குள் கைக்கு வராது என்றால், அந்த ஆண்டுக்காக அவசரப்பட்டு மீண்டும் எழுதுவதில் பயனில்லை.

இனி, மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பரீட்சை நான்கு பகுதிகளாக உள்ளது. ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை புள்ளிகள். அமெரிக்க மருத்துவபீடங்களில் சேர்பவர்களின் சராசரி அண்மைய ஆண்டுகளில் 511, 512 அளவில் இருப்பதால், அங்கும் விண்ணப்பிப்பவர்களுக்கு மொத்தம் முக்கியம். ஒன்ராறியோவில் நிலைமை வேறு. ரொறன்ரோ பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதியிலும் 125 கேட்டு, ஒரே ஒரு பகுதியில் 124 வரை விட்டுக்கொடுக்கிறது. அந்த வாசலைத் தாண்டிய பின் கூடுதல் புள்ளிக்குத் தனிப் பெருமை இல்லை. ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதியை மட்டுமே பார்க்கிறது. அதில் குறைந்தது 123 வேண்டும். ஒட்டாவா பல்கலைக்கழகம் எம்கேட்டைக் கேட்பதே இல்லை. இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை ஒவ்வொரு பீடத்தின் தளத்திலும் நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். பல முறை எழுதியவர்களிடம் சில பீடங்கள் சிறந்த புள்ளியையும், சில கடைசிப் புள்ளியையும் எடுத்துக்கொள்கின்றன என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் அருகிலிருந்து பார்த்த இரண்டு பிள்ளைகளைச் சொல்கிறேன். ஒருவர் 517 எடுத்திருந்தார்: 129, 127, 131, 130. எல்லாப் பகுதிகளும் உறுதியாக இருந்தும், 520 என்ற வட்டமான எண்ணுக்காக மீண்டும் எழுத விரும்பினார். வேண்டாம் என்று நான் தயங்காமல் சொன்னேன். இரண்டாம் முறை எழுதுபவர்களுக்குப் பொதுவாகக் கூடுவது 2 அல்லது 3 புள்ளிகள்; ஏற்கெனவே உயரத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் குறைவு, இறங்குவதற்கான வாய்ப்போ உண்மையானது. மீண்டும் படிக்கப் போயிருக்கும் மூன்று மாதங்களை அவர் நேர்காணலுக்கும் சுயவிவரக் கட்டுரைகளுக்கும் செலவிட்டது நல்ல முடிவு.

மற்றவர் ஸ்காபரோவில் எங்கள் அயலில் இருந்த பெண்பிள்ளை. பதினைந்து வயதில் இங்கே வந்தவர். மொத்தம் 505: அறிவியல் பகுதிகளில் 128, 128, 127, கார்ஸில் மட்டும் 122. அந்த ஓர் எண் ரொறன்ரோ, மக்மாஸ்டர் இரண்டையும் மூடிவிட்டதால், மீண்டும் எழுதுவதைத் தவிர அவருக்கு வழி இருக்கவில்லை. ஆனால் எப்போது எழுதுவது என்பதுதான் கேள்வி. பெற்றோர் ஆறு வாரத்தில் எழுதச் சொன்னார்கள். கார்ஸில் 90 நிமிடத்தில் 9 பந்திகளையும் 53 கேள்விகளையும் முடிக்க வேண்டும். ஒரு பந்திக்கும் அதன் கேள்விகளுக்கும் பத்து நிமிடந்தான். மனப்பாடத்தால் நிரப்பக்கூடிய பாடமன்று அது. பிள்ளை ஒரு கோடிட்ட கொப்பியில், தான் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "ஏன் இந்த விடையைத் தெரிவுசெய்தேன்" என்று இரண்டு வரி எழுதத் தொடங்கினார். நாற்பது கேள்விகள் சேர்ந்தபோது ஒன்று தெளிவாகியது: பந்தியில் சொல்லப்படாத, ஆனால் தனக்கு உண்மை என்று முன்பே தெரிந்த கூற்றையே அவர் திரும்பத் திரும்பத் தெரிவுசெய்திருந்தார். ஊரில் நன்றாகப் படித்த பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் ஆழமாக இருப்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அதை மாற்ற அவருக்கு ஐந்து மாதம் எடுத்தது. இரண்டாம் முறை மொத்தம் 507 மட்டுமே வந்தது. வீட்டில் முகங்கள் வாடின. ஆனால் கார்ஸ் 125 ஆகியிருந்தது, இரண்டு பல்கலைக்கழகங்களின் தகுதி எல்லையையும் அவர் தாண்டியிருந்தார்.

ஆகவே, தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பிள்ளை தன் வாயால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். "இந்த முறை கூடக் கஷ்டப்பட்டுப் படிப்பேன்" என்பது விளக்கமன்று. பரீட்சை நாளில் காய்ச்சல், முந்தைய இரவு உறக்கமின்மை போன்றவை உண்மையான காரணங்கள். ஆனால் அப்படியானால் அதற்கு முன் எழுதிய முழுநீளப் பயிற்சித் தேர்வுகள் உயர்ந்திருக்க வேண்டும். பரீட்சையை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் பயிற்சித் தேர்வுகளில், முன்பு பார்க்காத இரண்டு மூன்றை ஒரே இருக்கையில், நேரம் வைத்து எழுதிப் பார்த்து, அவை எல்லாமே பழைய புள்ளியைத் தெளிவாகத் தாண்டிய பின்னரே பணம் கட்டுங்கள். ஏற்கெனவே செய்த தேர்வை மறுபடி செய்தால் வரும் உயர்ந்த புள்ளியை நம்ப வேண்டாம்.

காலக்கணக்கும் உண்டு. பரீட்சை ஜனவரியிலும், பின்னர் வசந்தம் முதல் செப்டெம்பர் வரையும் நடக்கிறது. புள்ளி வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒன்ராறியோ விண்ணப்பங்கள் ஒக்ரோபர் தொடக்கத்தில் முடிவதால் கோடையில் எழுதினாலும் இங்கே தாமதமில்லை. அமெரிக்காவில் பல பீடங்கள் வரும் விண்ணப்பங்களை வரிசையாகப் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஆகஸ்டில் எழுதி செப்டெம்பரில் புள்ளி வருபவர் அந்த வரிசையில் பின்தங்குவார். அத்தகையவர் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே மேல் என்பது என் எண்ணம். ஓர் ஆண்டு போகிறதே என்று பெற்றோருக்கு மனம் பதறும். ஆயத்தமில்லாமல் எழுதிப் பெற்ற இன்னொரு புள்ளியோ விண்ணப்பத்தோடு பல ஆண்டுகள் கூடவே வரும்.

எழுதி முடித்த அன்றே, திரையில் கேட்கும்போது, அந்தப் பரீட்சையை மதிப்பிட வேண்டாம் என்று இரத்துச் செய்யவும் முடியும். அப்போது பீடங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் முயற்சி ஒன்று கழிந்துவிடும், பணமும் திரும்பாது. அதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஏழு மணிநேரத்துக்கு மேல் அமர்ந்து களைத்த பிள்ளை அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க முடியாது என்பதால், எந்த நிலையில் இரத்துச் செய்வது என்பதை பரீட்சைக்கு முந்தைய வாரமே வீட்டில் இருந்து பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.