மெயிலா, போனா? புதிதாக வந்த மெர்ச்சண்டைசருக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று வேலையை முடித்துக் கொடுக்கிற ஆளாக, சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் மெயில்தான் போடுவேன். போனில் பேசக் கூச்சம். ஒரு நேவி ப்ளூ லாட்டுக்காக (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) எனக்கும் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்கும் நடுவே ஒன்பது மெயில் போய் வந்தது. "ஷேடு சேரவில்லை", அதாவது கேட்ட நிறம் வரவில்லை, என்பேன். "எங்கள் லேபில் சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். மூன்றாம் நாள் மேனேஜர் போனை எடுத்து, "அண்ணா, எந்த லைட்டுல வச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டார். அவர்கள் பார்த்தது டி65, பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு. பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், கேட்டிருந்ததோ டிஎல்84, ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட் வெளிச்சம். ஒரு விளக்கில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு துணி, இன்னொன்றில் வேறுவேறாகத் தெரியும். நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

1. எதற்குப் போன் என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் கேட்பதற்கு எதிர்க்கேள்வி வருமா? வரும் என்றால் போன். தாமதம், ஷேடு, விலை, வர வேண்டிய பணம் எல்லாம் இந்த வகை. பிஓ (ஆர்டர் தாள்), சைஸ் சார்ட் (அளவுப் பட்டியல்) போன்றவை மெயிலில் போகட்டும். அளவுகளைப் போனில் சொல்லி எழுத வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

2. பேப்பரை எடுத்து வையுங்கள்

பில் நம்பர், தேதி, தொகை, லாட் நம்பர். அதற்குக் கீழே, இந்தப் போனில் உங்களுக்கு என்ன பதில் வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அது இல்லாவிட்டால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள்.

3. நேரம் பாருங்கள்

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பணம் கேட்டுக் கூப்பிடாதீர்கள். இங்கே பல இடங்களில் அன்றுதான் வாரச் சம்பளம். முதலாளியே பணத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். லண்டன் பையர் என்றால் காலை பத்து மணிக்குப் பிடிக்க, கோடையில் நமக்கு மதியம் 2.30, குளிர்காலத்தில் 3.30.

4. பேசும்போது

பெயர், கம்பெனி, பில் நம்பர், "ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?" அவ்வளவு போதும். பணம் கேட்கும்போது "எப்பங்க வரும்?" என்று கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்றுதான் பதில் வரும். "எந்தத் தேதிக்கு, எவ்வளவுங்க போடுவீங்க?" என்று கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிர்முனை அமைதியாக இருந்தால் நாமே "பரவாயில்லைங்க, மெதுவா போடுங்க" என்று உளறிவிடுவோம். நானும் உளறியிருக்கிறேன்.

நீங்கள் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். முதல் போனிலேயே இதை எடுத்துவிடாதீர்கள். மூன்றாவது போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. பேசி முடித்ததும் மெயில்

போனில் சொன்னதை மறுநாள் "அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார்கள். பொய் என்றில்லை, நாளுக்கு ஐம்பது போன் பேசுகிற ஆளுக்கு ஞாபகம் நிற்காது. சூடு ஆறுவதற்குள் அனுப்பிவிடுங்கள்:

"வணக்கம். இப்போது போனில் பேசியபடி, பில் 214க்கான ரூ.1,80,000இல் 12ஆம் தேதி ரூ.1,00,000, 20ஆம் தேதி மீதி ரூ.80,000 அனுப்புவதாகச் சொன்னீர்கள். மாற்றம் இருந்தால் இன்றே தெரிவிக்கவும்."

6. மெயிலை மட்டும் நம்பக் கூடாத ஓர் இடம்

"எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று மெயில் வந்தால் உடனே பணம் போட்டுவிடாதீர்கள். தெரிந்த ஐடியிலிருந்தே வந்தாலும் சரி, ஐடியையே யாராவது திருடியிருக்கலாம். அந்த மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். அதை எடுப்பதும் திருடனாகவே இருக்கலாம். உங்கள் போனில் பழையபடி சேமித்து வைத்திருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேட்டபிறகு பணத்தை அனுப்புங்கள்.