ரோமில் ஒரு நாள் நடை: டிக்கெட் போடும்போதே நடக்கும் தவறுகள்

காலுக்கு இதமான ஷூ போடுங்கள், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ரோமை நடந்து பார்க்கக் கிளம்புகிறவர்களின் நாள் பெரும்பாலும் இவற்றால் கெடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து டிக்கெட் போடும்போதே கெட்டுவிடுகிறது.

ஒரே நாளில் நேரம் குறித்த இரண்டு டிக்கெட்

காலையில் கொலோசியம், மதியம் வாடிகன் அருங்காட்சியகம். கையில் இருப்பது ஒரு நாள், இரண்டுமே பெரிய பெயர், அதனால் இரண்டையும் போட்டுவிடுவோம் என்று ஒரு கணக்கு. புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டமும் இதே கணக்கோடு வந்து இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறது. எத்தனை முறை சொன்னாலும், "சீக்கிரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்" என்பார்கள். அந்தச் சீக்கிரம் நடப்பதே இல்லை. ஏன் என்று மணிக்கணக்காகவே பார்த்துவிடலாம்.

காலை 10 மணிக்குக் கொலோசியம், மதியம் 1 மணிக்கு வாடிகன் என்று வைத்துக்கொள்வோம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் இனிஷியலை மட்டும் போட்டு, அப்பா பெயரை விட்டுவிட்டு டிக்கெட் எடுத்திருந்தால் அங்கேயே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரைப் போடுங்கள். அடுத்தது பாதுகாப்புச் சோதனை. 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று சொல்லி இடைத்தரகர்கள் கூடுதல் விலைக்கு விற்கும் டிக்கெட்டும் இந்த வரிசையைத் தாண்ட உதவாது. அது காப்பாற்றுவது டிக்கெட் கவுன்டர் வரிசையிலிருந்து மட்டும்தான். உள்ளே போய் இரண்டு அடுக்கையும் சுற்றிவிட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும்.

அதே டிக்கெட்டில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பாலட்டைன் குன்றும் சேர்த்தி. இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது வேண்டும். ஆனால் 1 மணிக்கு வாடிகன் இருக்கிறதே! ஃபோரத்தை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்து பார்க்கலாம் என்ற நினைப்பும் பலிக்காது. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் மூடுவதே மாலை 4.30க்கு.

இனி மெட்ரோ. கொலோசியோ நிலையத்தில் பி தடத்தில் ஏறி இரண்டாவது நிறுத்தமான டெர்மினியில் இறங்கி, அங்கே ஏ தடத்துக்கு மாறி ஆறாவது நிறுத்தமான ஒட்டாவியானோவில் இறங்க வேண்டும். அங்கிருந்து அருங்காட்சியக வாசலுக்குப் பத்து நிமிட நடை. பலர் அந்த வாசலைத் தேடிப் புனித பேதுரு சதுக்கத்தில் போய் நிற்கிறார்கள். வாசல் அங்கே இல்லை. வடக்கே, மதிலின் மறுபுறம், வியாலே வாடிகானோ என்ற சாலையில் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து மதிலைச் சுற்றிப் போகக் கால் மணி நேரம் ஆகும்.

உள்ளே போனால் சிஸ்டைன் தேவாலயம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒருவழிப் பாதை. திருப்பதி தரிசன வரிசை மாதிரி, பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள முன்னால் போக வேண்டியதுதான். மைக்கேலாஞ்சலோவின் விதானத்துக்குக் கீழே வந்து சேரும்போது கழுத்தை நிமிர்த்தவும் தெம்பு இருக்காது. அங்கிருந்து புனித பேதுரு பேராலயத்துக்கு நேராகப் போகும் கதவு வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது. அதுவும் சில நாள் மூடியிருக்கும். தனியாக வந்தவர்கள் அருங்காட்சியகம் வழியாகவே வெளியேறி, மறுபடி மதிலைச் சுற்றி, பேராலயத்தின் சோதனை வரிசையில் புதிதாக நிற்க வேண்டும்.

இதில் என்னென்ன போயிற்று என்று பாருங்கள். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து ஆளுக்கு 40 யூரோவுக்கு மேல். நேரம் தவறினால் பணம் திரும்பாது. காசு கொடுத்த ஃபோரத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கொலோசியத்துக்கும் வாடிகனுக்கும் நடுவே சுமார் நான்கு கிலோமீட்டர் இருக்கிறது. காபிட்டோலின் குன்று, பாந்தியன் என்ற பழங்கோயில், நவோனா சதுக்கம், சான்ட் ஆஞ்சலோ பாலம் எல்லாம் அந்த நான்கு கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. நடந்து பார்க்க வந்தவர்கள் அந்த ஊருக்கு அடியில் சுரங்க ரயிலில் போய்விடுகிறார்கள்.

ஒரு நாளுக்கு நேரம் குறித்த பெரிய டிக்கெட் ஒன்றுதான். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். விடவே கூடாது என்றால் இன்னொரு நாள் தங்குங்கள்.

கொலோசியம் என்று முடிவு செய்தால் 8.30க்கான முதல் நேரத்தை எடுங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். காலை நேரங்கள் வேகமாகத் தீரும். 10 மணிக்கு வெளியே வந்ததும் முதலில் பாலட்டைன் மேலே ஏறுங்கள். வெயில் ஏறுவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும், ஃபோரம் முழுவதும் மேலிருந்து தெரியும். பிறகு கீழே இறங்கி ஃபோரத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து, செப்டிமியஸ் செவரஸ் வளைவுப் பக்கம் வெளியேறினால் காபிட்டோலின் குன்றடியில் இருப்பீர்கள். வந்த வழியே திரும்பும் நடை மிச்சம். குன்றின் மேல் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்துக்குப் பின்னால் ஃபோரத்தைப் பார்க்கும் மேடைக்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து பாந்தியன் கால் மணி நேர நடை.

ஃபோரத்திலிருந்து சாப்பிட வெளியே வருவது

டிக்கெட்டில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்று நினைக்கிறார்கள். ஃபோரம், பாலட்டைன் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நுழைவுதான். பசிக்கிறது என்று வெளியே வந்துவிட்டுத் திரும்பப் போனால் கதவு திறக்காது. காவலரிடம் கெஞ்சியும் பயனில்லை. ரொட்டியோ பழமோ பையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பெரிய பை

பயணப்பையோடு கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள்.

மதியம் தேவாலயம் தேடுவது

பெரிய பேராலயங்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். சிறியவற்றில் பல, மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். ரோமின் நல்ல ஓவியங்களில் பாதி இந்தச் சிறிய தேவாலயங்களில்தான் இருக்கின்றன. சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசியில் கரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று. பக்கத்துத் தெருவில் சான்ட் அகோஸ்தினோவில் அவருடைய இன்னொரு ஓவியமும் ரஃபாயெல் வரைந்த ஏசாயாவும். சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. எதற்கும் டிக்கெட் இல்லை. மதியம் ஒன்றரைக்குப் போனால் மூடிய கதவைத்தான் பார்க்கலாம். மூடிய நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் பாந்தியனைப் பாருங்கள், அது நாள் முழுக்க உண்டு. சில்லறை நாணயங்களும் கொண்டு போங்கள். பல ஓவியங்களுக்குக் காசு போட்டால்தான் விளக்கு எரியும்.

பாந்தியன் இலவசம் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. அதுவும் இன்றைக்கும் தேவாலயம்தான், பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மழை பெய்தால் உள்ளே போவதைத் தள்ளிப்போடாதீர்கள். 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் நடுவே திறந்த வட்டம் வழியாக மழை நேராகத் தரையில் விழும். தரையில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றன. பார்க்க வேண்டிய காட்சி அது.

தோளும் முழங்காலும்

தேவாலயங்களில் மூடியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். ஒரு துப்பட்டா போதும்.

சைவம் என்று நம்பிச் சாப்பிடுவது

ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்களில் கார்போனாரா, அமாத்ரிச்சானா, கிரிச்சா மூன்றிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. காச்சியோ எ பேப்பேயில் வெறும் பாலாடைக்கட்டியும் மிளகும்தான். ஆனால் அந்த பெகோரினோ ரொமானோ கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள். கண்டிப்பான சைவர்களுக்கு அதுவும் ஆகாது. சுப்ளி என்ற பொரித்த அரிசி உருண்டையின் உள்ளேயும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு இருக்கும். எடை போட்டு வெட்டித் தரும் பிட்சாக் கடையில் 'ரோஸ்ஸா' கேளுங்கள்: தக்காளி மட்டும், பாலாடைக்கட்டி கிடையாது. எவ்வளவு பெரிய துண்டு என்று கத்தியை வைத்துக் காட்டுவார்கள், சிறியதாக வேண்டுமானால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

காபியைக் கவுன்டரில் நின்றே குடியுங்கள். நவோனா சதுக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காபிக்குப் பல மடங்கு விலை. உட்கார வேண்டும் என்றால் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் ஊற்றைச் சுற்றிய கல் இருக்கைகள் இருக்கின்றன. அந்த நான்கு நதிச் சிலைகளில் துடுப்பைப் பிடித்திருப்பவர் நம் கங்கை.

ஸ்பானியப் படிகளில் உட்காருவது

2019 முதல் தடை. அபராதம் 400 யூரோ வரை போகும்.

ட்ரெவி ஊற்றைப் பட்டப்பகலில் பார்ப்பது

கூட்டம் இல்லாமல் பார்க்க அதிகாலை 7க்கு முன், அல்லது இரவு 10க்குப் பின் போங்கள்.

களைத்துப்போய் பேருந்தில் ஏறும்போது

காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறியவுடன் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான்; அபராதம் 50 யூரோவைத் தாண்டும். முத்திரை குத்தியதிலிருந்து 100 நிமிடம் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ மட்டும் ஒரு முறை. வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.