ஒஸ்காரின் விலாவில் காலையில் வந்த திட்டுகள்

கிளிநொச்சியில் நான் தொட்டியில் வளர்க்கும் ஒஸ்கார் மீனின் விலாவில் வெளிறிய திட்டுகள் வரத் தொடங்கின. பூஞ்சணம் என்று உப்புப் போட்டேன். தண்ணீரை மாற்றினேன், கூரான கற்களையும் எடுத்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

ஒரு விசயம்தான் இடித்தது. திட்டுகள் காலையில்தான் புதிதாகத் தெரிந்தன. மாலைக்குள் கொஞ்சம் மங்கின. செதில் கழரவில்லை, மேலிருந்த வழுவழுப்பு மட்டும் போயிருந்தது. சரி, இரவில் பார்ப்போம் என்று ரோச் லைற்றில் சிவப்புத் தாள் சுற்றி அடித்தேன். ஒஸ்கார் அடியில் அசையாமல் கிடக்க, பாசி தின்ன விட்ட சக்கர் மீன் அதன் விலாவில் ஒட்டிச் சளிப்படலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பெரிய, தட்டையான உடம்புள்ள மீன்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். பகலில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

சக்கரை வேறு தொட்டிக்கு மாற்றியதும் திட்டுகள் ஆறிவிட்டன, பெரிய நிம்மதி. சக்கரை இரணைமடுக் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்க மீன், குளத்தில் பெருகினால் வலைகளையும் நாசமாக்கும்.

இப்போது துணைக்குச் சில்வர் டொலர் மீன் கூட்டமாக நிற்கிறது. ஒஸ்கார் 30 செ.மீ. வரை வளரும், வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரைதான். அதனால் டொலரை உள்ளங்கை அளவில் பார்த்து வாங்குங்கள்.