நடுத்தர விலையில் கிராபிக்ஸ் கார்ட்: கடைக்குப் போகும் முன் கேசிங்கைத் திறந்து பாருங்கள்

"இந்தக் காசுக்கு எது நல்ல கார்ட்?" கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் எந்தக் கடையில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் காட்டுவார், அது அவர் வேலை. உங்கள் கணினி எந்த கார்டைத் தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். அதனால் கார்டைக் கடைசியில் பார்ப்போம். கேசிங்கைக் கழற்றுவது, கேபிள் பிடுங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. மொனிட்டர்

1080பி (1920 x 1080 புள்ளிகள் உள்ள திரை) மொனிட்டர் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 இந்த வட்டத்துக்குள் நின்றுவிடுங்கள். 1440பி (2560 x 1440 புள்ளிகள்) வைத்திருப்பவர்கள் மட்டும் இன்டெலின் ஆர்க் பி580, 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பக்கம் போகலாம். நொடிக்கு 60 படம் மட்டும் காட்டும் 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் 120 பிரேம் ஓட்டக் காசு கொட்டுவது வீண்.

2. பவர் சப்ளை

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேசிங்கோடு சேர்ந்து வந்த பவர் சப்ளையில் "500" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையை டோர்ச் அடித்துப் பார்த்தால் கதை வேறு. +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் 18 அம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் எடுக்கின்றன. மீதி வாட் எல்லாம் அவற்றுக்கு உதவாத 3.3, 5 வோல்ட் கணக்கில் சேர்த்துக் காட்டியது.

ஒழுங்கான 550 வாட் பவர் சப்ளையில் இதே கட்டத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 தானே 115 வாட், ஆர்எக்ஸ் 6600 தானே 132 வாட், 216க்குள் அடங்காதா என்று தோன்றும். கேம் ஓடும்போது புரொசெசரும் இழுக்கும், கார்டும் கண நேரத்துக்கு அந்த அளவைத் தாண்டும். அந்தக் கணத்தில் கணினி பட்டென்று அணைந்துவிடும். 4060க்கு 550 வாட், 6600க்கு 450 வாட் என்று தயாரிப்பாளர்களே பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

கார்டுக்கான 8 பின் இணைப்பு பவர் சப்ளையில் இருந்தே வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் வயரில் இருந்து 8 பின்னாக மாற்றும் குட்டி வயர் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். 150 வாட் வரை போக வேண்டிய இணைப்பு அது. மெல்லிய வயர் உருகும். என்னைக் கேட்டால், கார்டில் ஒரு படி இறங்கியாவது நல்ல பவர் சப்ளை வாங்குங்கள். அடுத்த கார்டுக்கும் அதுவே உதவும்.

3. மதர்போர்ட்

கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ, அதில் உள்ள தடங்கள்தான் லேன். 6600, 4060 இரண்டும் எட்டு லேன் மட்டும் பயன்படுத்துகிற, பிசிஐஇ 4.0 கார்ட்கள். பி450, எச்410 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகும். சாதாரணமாகப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் கேம் கார்டில் உள்ள 8 ஜிபி மெமரியைத் தாண்டிக் கேட்கும்போது திக்கித் திக்கி ஓடும். பழைய போர்ட் என்றால் 16 லேனும் 12 ஜிபியும் உள்ள 3060 நிம்மதி. நாலே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பழைய போர்டுக்கு வேண்டவே வேண்டாம். ஆர்க் பி580க்கு பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) "ரீசைசபிள் பார்" என்ற, கார்டின் மெமரி முழுவதையும் புரொசெசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் வேகம் நன்றாக அடிபடும்.

4. பெயர் ஒன்று, சரக்கு வேறு

3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. மெமரி மட்டுமல்ல, மெமரிப் பாதையும் 192 பிட்டில் இருந்து 128 பிட்டாகக் குறைந்தது அது. 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டிலும் 8, 16 என்று இரு வகை. பில்லில் ஜிபியையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று விசிறி உள்ளதுதான் உசத்தி என்பதில்லை. 115 வாட் கார்டுக்கு இரண்டு விசிறி தாராளம், சின்னக் கேசிங்கிலும் அடங்கும்.

5. கடையில்

ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். டொலர் அசையும்போது விலையும் அசைவதால் போன வார விலையை வைத்து ஒப்பிட முடியாது. சொல்லும் விலையில் 18 வீத வற் வரி அடக்கமா, வாரண்டி தருவது உள்ளூர் ஏஜெண்டா கடையா, இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கார்ட் என்றால் விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பெயரும் மெமரியும் சரியா என்று பார்த்துவிட்டு, கால் மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட விடுங்கள். அப்புறம் கார்டைக் கையில் எடுத்து, எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும் உலோகத் தகட்டைப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கம் ஜன்னல் திறந்தே கிடந்த வீடென்றால் தகட்டில் செந்துரு புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும், ஆணித் தலைகள் மங்கியிருக்கும். வெளியே அப்படியென்றால் உள்ளே போர்டும் அதே காற்றைத்தான் குடித்திருக்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

6. பூட்டிய பிறகு

மொனிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. ட்ரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களில் இருந்தே இறக்குங்கள். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்பேஸ் வரியில் (பிசிஐஇ எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று காட்டும் இடம்) 1.1 என்று காட்டினால் பயப்படாதீர்கள், கார்ட் சும்மா இருக்கும்போது அப்படித்தான். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மையான வேகம் தெரியும்.

பிறகு சேர்த்தது: பிசிஐஇ 4.0 தரும் பி550 போர்ட் இருந்தும் அந்த வரி 3.0ஐத் தாண்டவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடையது ரைசன் 5 5600ஜி. அந்த புரொசெசர் பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். போர்ட் எதுவானாலும் மாறாது. பழுது ஒன்றும் இல்லை. 5600ஜி வைத்திருப்பவர்கள் மூன்றாம் படியைப் பழைய போர்ட் உள்ளவர்கள் போலவே கணக்குப் பாருங்கள்.