செயற்கை விழித்திரை: கேட்க வேண்டிய கேள்விகள்

செயற்கை விழித்திரை (விழித்திரையில் வைக்கும் மின்சிப்) பற்றிக் கேட்க மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போகும்போது பழைய ஸ்கேன்களையும் கொண்டுபோங்கள். முதல் கேள்வி: பழுது விழித்திரையிலா, பார்வை நரம்பிலா? குளுக்கோமா என்ற கண் அழுத்த நோயால் நரம்பு பட்டுப்போயிருந்தால் விழித்திரைச் சிப் உதவாது. அதன் மின்துடிப்பை மூளைக்குக் கொண்டுபோவது அந்த நரம்புதான். கண்புரை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், வழக்கமான லென்ஸ் சத்திரசிகிச்சை போதும்.

முதுமையில் நடுப்பார்வை போனவர்களுக்கான பிரிமா சிப் 2 மில்லிமீற்றர் சதுரம், 378 பிக்சல். கமராக் கண்ணாடி அகச்சிவப்பு ஒளியாக அனுப்பும் படத்தை மின்துடிப்பாக்கும். நிறம் தெரியாது, வாசிக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

ஆராய்ச்சியில் சேரக் கூப்பிட்டால், கம்பனி கைவிட்டால் திருத்துவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்கஸ் 2 என்ற 60 மின்முனைச் செயற்கை விழித்திரையின் தயாரிப்பு 2019இல் நின்றது. பிறகு பழுதானவர்களில் சிலருக்குத் திருத்த ஆளில்லை.