பாவித்த லென்ஸ் வாங்கும்போது நாம் தேடுவதும், தேடாமல் விடுவதும்

பாவித்த கமரா லென்ஸ் பார்க்கப் போகிறவர் கையில் எடுத்ததும் செய்கிற முதல் வேலை, முன்கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தூசு தேடுவது. இரண்டு துகள் தெரிந்தால் போதும், முகம் மாறிவிடும். உள்ளே கிடக்கும் அந்தத் தூசு படத்தில் வராது. முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் சூரியனைப் பார்த்து எடுக்கும்போது கொஞ்சம் ஒளி சிதறும், அவ்வளவுதான். பின்கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். அது சென்சருக்கோ ஃபிலிமுக்கோ கிட்ட இருப்பதால் படத்தைக் கெடுக்கும். மற்றபடி தூசையும் கீறலையும் காட்டி ஒருவர் விலையைக் குறைத்துத் தந்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.

மட்டக்களப்பில் பயப்பட வேண்டியது பங்கஸ் என்கிற பூஞ்சணத்துக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கல்லடியும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் நீட்டாகக் கிடக்கின்றன. காற்றில் ஈரப்பதன் 60, 70 வீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் மழைக்காலம் முழுக்க இங்கே ஈரம் அதற்கு மேலேதான். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், கமரா பை ஐந்தாறு வருடமாக அலுமாரியில் கிடக்கிறது என்று சொல்லி விற்கப்படும் லென்ஸைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். அதுவும் தோல் உறைக்குள் வைத்திருந்தால் இன்னும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பார்க்கும் முறை எளிது, ஆனால் பலர் அரைகுறையாகவே பார்க்கிறார்கள். லென்ஸின் வாயை, அதாவது உள்ளே ஒளி புகும் துளையை, முழுதாகத் திறக்காமல் பார்த்தால் நடுப்பகுதி மட்டுமே தெரியும். கெனன் ஈ.எஃப். லென்ஸ் கழற்றி வைத்திருக்கும்போதும் திறந்தே இருக்கும். நிக்கொன் லென்ஸ் கழற்றியதும் மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சிறு நெம்பை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். பிறகு கைப்பேசி டோர்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கிளை விட்ட இழை தெரிந்தால் அது பங்கஸ். மூச்சு விட்ட கண்ணாடி போல முழுவதும் மங்கலாக இருந்தால் அது புகார் (ஹேஸ்), பனிமூட்டம் போன்ற படிவு; படத்தின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். தூசைக் கண்டு ஓடுகிறவர்கள் இந்தப் புகாரைக் கவனிக்காமல் காசு கொடுத்துவிடுகிறார்கள்.

“கொஞ்சப் பங்கஸ்தான் தம்பி, வெயில்ல வைங்க, மறுகா போயிரும்” என்று ஒரு பேச்சு வரும். வெயில் பூஞ்சணத்தைக் கொல்லலாம், ஆனால் இழை அங்கேயே நிற்கும். அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. போதாக்குறைக்கு, மூடி இல்லாத லென்ஸ் வெயிலில் பூதக்கண்ணாடி. கீழே கடதாசியோ துணியோ இருந்தால் பற்றிவிடும். கழற்றித் துடைக்கத் தெரிந்த ஆளைத் தேடிக் கொழும்புக்கு அனுப்பினால், மலிவு லென்ஸின் விலையில் பாதி அதற்கே போகும். விளிம்பில் ஒரு சிறு புள்ளி என்றால் சரி, விலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். வலை விரித்துவிட்டதென்றால் சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம்.

கண்ணாடி சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடுவது அடுத்த தவறு. உங்கள் பொடிக்கு, அதாவது லென்ஸ் பூட்டும் கமரா உடலுக்கு, அது சேருமா? நிக்கொனில்தான் இந்தக் குழப்பம் அதிகம். டி3000, டி5000 வரிசைப் பொடிகளுக்குள் குவிய மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும் ஏ.எஃப்-எஸ் போன்ற வகைதான் தானாகக் குவியும். ஏ.எஃப்-டி லென்ஸைக் கையால் திருப்ப வேண்டும். பலர் ஏமாறும் ஒன்று, மலிவாகக் கிடைக்கும் பழைய 70-300 ஜி. புது லென்ஸ் போலத் தோன்றும், உள்ளே மோட்டார் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம், உள்ளே புதுவகை மோட்டார் உள்ள ஏ.எஃப்-பி. அது டி90, டி7000 போன்ற பழைய பொடிகளில் குவியவே குவியாது.

கெனன்காரருக்குத் தலையிடி வேறு. சிறு சென்சர் கமராக்களுக்கான ஈ.எஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபிலிம் ஈ.ஓ.எஸ். பொடியிலும், ஃபிலிம் அளவு சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரிலும் பொருந்தா. 1990களின் சில சிக்மா லென்ஸ்கள் பொருந்தும், திறந்த வாயில் படமும் எடுக்கும். வாயைச் சுருக்கினால் டிஜிட்டல் பொடி பிழை காட்டி நின்றுவிடும். 17-85 ஐ.எஸ். லென்ஸிலும் இதே அறிகுறி வரும், அங்கே காரணம் உள்ளே அறுந்த நாடா வயர். ஆகவே கடையில் நின்று எஃப் 4இல் ஒரு படம் எடுத்துத் திருப்திப்படாதீர்கள். எஃப் 8, எஃப் 16 என்று வாயைச் சுருக்கி வைத்து, சூமை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் எடுத்துப் பாருங்கள்.

பழைய நிக்கொன் ஃபிலிம் கமராவுக்கு வாங்குகிறவர், லென்ஸில் வாயைத் திறந்து சுருக்கும் வளையம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எஃப்.எம்.2 போன்ற பொடியில் வளையம் இல்லாத ஜி லென்ஸைப் பூட்டினால் அது எப்போதும் ஆகச் சிறிய வாயிலேயே படம் எடுக்கும். பழைய லென்ஸின் வாய் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருந்தால் அவை மெதுவாக மூடும். ஃபிலிமில் இது ரோல் கழுவி வரும்வரை தெரியாது என்பதால், நெம்பைத் தட்டி இதழ்கள் சட்டென்று அசைகின்றனவா என்று கையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஹீலியோஸ் 44-2 மாதிரி எம்42 திருகு லென்ஸ் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கெனன் டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி இல்லாத வெறும் இணைப்பு வளையம் போதும். நிக்கொனில் அப்படிப் போட்டால் தூரத்துக் காட்சி குவியாது. மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம் இந்த 50 மி.மீ. எஃப் 1.8 மோகம். நல்ல லென்ஸ்தான், மலிவும்தான். ஆனால் சிறு சென்சரில் அது 75, 80 மி.மீ. அளவுக்குப் பார்க்கும். நம்முடைய வீட்டு மண்டபத்தில் மணவறையைச் சுற்றி இரண்டு குடும்பம் நிற்கும்போது, நீங்கள் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும். ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நிக்கொனுக்கு 35 எஃப் 1.8, கெனனுக்கு 24 எஃப் 2.8 என்பது என் தெரிவு. வாவிக் கொக்குக்கும் குமண பறவைகளுக்கும் தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் தேடுபவர்கள், நடுக்கம் தாங்கும் வசதி இல்லாத பழைய 300ஐ விட, அந்த வசதி உள்ள 55-250ஐப் பார்க்கலாம். 300இல் கையால் எடுக்க 1/500 செக்கனாவது வேண்டும். அந்தி வெளிச்சத்தில் அது கிடைக்காது.

ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல் என்றிருக்கும் லென்ஸைக் கண்டுபிடிக்க ஊரிலேயே நல்ல இடம் உண்டு. காலையில், வெக்கை எழும்ப முன்னர், வாவிக் கரையில் முக்காலி வைத்து அக்கரை மரவரிசையை வாய் முழுதும் திறந்து எடுங்கள். இடப்பக்க இலைகளும் வலப்பக்க இலைகளும் ஒரே மாதிரி வர வேண்டும். விற்பவர் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்தால் நேரில் போவதே லாபம். இணையத்தில் பார்த்து ஜப்பானிலிருந்து வரவழைப்பதானால், விளம்பரத் தலைப்பில் இருக்கும் “மின்ட்”டை (புதுசு போல என்று அர்த்தம்) நம்பாமல், கீழே கண்ணாடியைப் பற்றி எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். பங்கஸ், புகார் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கூரியர் காசையும் சுங்கத் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கிய பிறகு அரிசிப் பானைக்குள் வைக்காதீர்கள். மாத்தூள்தான் உள்ளே போகும். ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நிறம் மாறும் ஜெல் என்றால், மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம்.