சுவர் உப்புவது எப்படி நின்றது

முல்லைத்தீவு முள்ளியவளையில் உள்ள எங்கள் நாற்சார் வீடு, நடுவில் முற்றம் வைத்த வீடு, அப்பப்பா காலத்தது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர்கள். போரில் விட்டுப் போய்த் திரும்பியபோது கூரை இல்லை, சுவர்கள் நின்றன. ஓடு போட்ட கையோடு, உடைந்த இடமெல்லாம் சீமெந்து பூசிக் கடைப் பெயின்ட் அடித்தோம். அதுதான் பிழை.

அடுத்த மாரியில் சாமி அறைச் சுவர் அப்பளம் போல உப்பியது. விரலால் அழுத்தினால் வெள்ளை உப்புத் தூள் கொட்டும். நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விடும். சீமெந்தும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டன.

"முதல்ல எல்லாத்தையும் உரியுங்கோ தம்பி, சுவர் காயட்டும்" என்றார் வயதான மேசன் அண்ணை. உரித்து, சித்திரை வெயிலில் காயவிட்டு, உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. பூச்சு வெடிக்காமல் இருக்க நனைத்த சாக்கு தொங்கவிட்டோம்.

நிறத்துக்கும் சுண்ணாம்புதான். அதன் காரத்தில் எல்லாச் சாயமும் நிற்காது. காவியும் மண் மஞ்சளும் நிற்கும். விறாந்தை மஞ்சள், முற்றத்துத் தூண்கள் காவி. ஈரத்தில் கடுமையாகத் தெரிந்ததைப் பார்த்து மகள், "கூடிப்போச்சு அப்பா" என்றாள். மறுநாள் காய்ந்து இளமஞ்சளானது. தண்ணீர் போலக் கரைத்து நாலு தரம் அடித்தோம்.

இரண்டு மாரி போய்விட்டது, சுவர் உப்பவில்லை. அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் தைக்கு முன் திரும்ப அடிக்கிறோம்.